குளவிக் கூட்டை எடுப்பதா, விடுவதா? செட்டிநாட்டு வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் சில கேள்வி பதில்கள்

பூட்டிக் கிடந்த வீட்டைத் தைப் பொங்கலுக்கோ, நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கோ, பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கோ திறக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒட்டடையை; அடுத்ததாகப் பார்ப்பது குளவிக் கூட்டை. இருப்பது இரண்டு மூன்று நாள்தான் என்பதால், கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு மருந்தை வாங்கி அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்தவன் என்பதால், அந்த அவசரத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் குளவிக் கூடு இருக்கிறது. உடனே அகற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. கட்டியது எந்தக் குளவி என்பதையும், கூட்டுக்கும் ஆட்கள் நடமாடும் வழிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும், குளவி விஷம் ஒவ்வாதவர் யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்பதையும் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். யாரும் போகாத மூன்றாங்கட்டு உத்தரத்தில் இருக்கும் கூடும், குழந்தைகள் கைகழுவும் குழாயடியில் இருக்கும் கூடும் ஒரே வகைக் குளவியுடையவையாக இருந்தாலும் அவற்றுக்கான பதில் ஒன்றல்ல.

கூட்டால் வரும் ஆபத்தை மட்டும் எடைபோட்டு, அதை அகற்றும் முறையால் வரும் ஆபத்தை எடைபோடாமல் விடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் பிழை. கூடு தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை. மருந்தும் நெருப்பும் அப்படி ஓரிடத்தில் நிற்பவை அல்ல.

எந்தக் குளவி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செட்டிநாட்டில் ஒரு வீட்டைச் சுற்றிப் பொதுவாகக் காணக்கூடியவை மூன்று வகை. சுவர் மூலையிலும், நிலையின் செதுக்கு வேலைப்பாடுகளுக்கு நடுவிலும், சுவிட்சுப் பெட்டிக்குள்ளும் ஈர மண்ணைக் குழைத்துக் கட்டுவது மண்குளவி. அது தனித்து வாழ்வது. ஒரு கூட்டுக்கு ஒரு தாய்தான். தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியிலோ செம்பருத்திக் கிளையிலோ, கவிழ்ந்த தாமரைக் காயைப் போலக் கண்ணறைகள் வெளியே தெரியும்படி சாம்பல் நிறத்தில் தொங்குவது தாள்கூட்டுக் குளவியின் கூடு. அதில் சிவந்த பழுப்பு நிறக் குளவிகள் சில பத்துப் பேராகச் சேர்ந்து வாழும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து கவனித்து, அவற்றின் சமூக வாழ்வை உலகுக்குச் சொன்னது இந்த இனங்களில் ஒன்றைப் பற்றித்தான்.

மூன்றாவது கதண்டு. தென்னை, பனை, மா, பாழடைந்த கட்டடம், சில நேரம் மண் பொந்து ஆகிய இடங்களில் பானையைப் போல மூடிய கூடாகக் கட்டும். கண்ணறைகள் வெளியே தெரியாது. உடல் கருமையாகவும், வயிற்றின் முன்பகுதியில் அகலமான ஆரஞ்சு மஞ்சள் பட்டையோடும், விரற்கடை நீளத்தில் பருமனாகவும் இருக்கும். அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

இவற்றோடு தேனீயைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரக்கிளையிலோ கோபுரத்திலோ ஒற்றை அடையாகத் தொங்கி, அடை முழுவதையும் பூச்சிகளே போர்த்தியிருந்தால் அது மலைத்தேனீ. சுவர்ப் பொந்துக்குள் போய்வந்துகொண்டிருந்தால் அது அடுக்குத் தேனீயாக இருக்கலாம். குளவி என்று எண்ணித் தேனடையைக் கொளுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊரின் முருங்கையும் பூசணியும் அந்த ஆண்டு காய்த்ததைக் கணக்கெடுத்திருந்தால் இழப்பு தெரிந்திருக்கும்.

மண்குளவிக் கூட்டை மட்டுமாவது உடைக்கலாமா? நிலையும் சுவரும் அசிங்கமாக இருக்கின்றன.

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் செட்டிநாட்டில் மிக அதிகமாகத் தண்டனை பெறுவது மிகக் குறைவாகத் தொல்லை தரும் இந்தக் குளவிதான்.

கிணற்றடியில் வாளி வைத்து எடுத்த இடத்தில் ஈரம் காயாமல் இருந்தால், காலை பத்து மணிக்கு மேல் சிறிது நேரம் அங்கே நின்று பாருங்கள். மெல்லிய இடையும் மஞ்சள் கால்களும் கொண்ட குளவி ஒன்று வந்து இறங்கும். தலையைத் தரையில் வைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு, இறக்கை அதிர ஒரு மெல்லிய ரீங்காரம் எழுப்பியபடி மண்ணைச் சுரண்டி, மிளகு அளவு உருண்டையாக்கித் தாடையில் கவ்விப் பறக்கும். நாள் முழுவதும் இப்படி நடை நடையாகப் போய்வந்து ஓர் அறையைக் கட்டி முடிக்கும். பிறகு சிலந்திகளைத் தேடிப் போகும். கொட்டினாலும் சிலந்தி சாவதில்லை, அசைவற்றுப் போகும். உயிரோடு இருப்பதால் அது கெடாது. அப்படிப் பல சிலந்திகளை அறைக்குள் அடுக்கி, ஒன்றன்மேல் முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிட்டு அடுத்த அறையைத் தொடங்கும். எங்கள் வீட்டில் சன்னல் கதவைத் திறந்தபோது உதிர்ந்த ஓர் அறையை எடுத்துப் பார்த்தேன். பதினோரு சிலந்திகள் கால் மடங்கிக் கிடந்தன. ஊசியால் தொட்டபோது அவற்றில் ஒன்றின் கால் மெல்ல அசைந்தது.

‘குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும்’ என்று நம் முன்னோர் சொன்னது இதைப் பார்த்துத்தான். புழுவைக் கொண்டுபோய் அடைத்ததைப் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்து அதே அறையிலிருந்து குளவி வெளிவந்ததையும் பார்த்தார்கள். நடுவில் இருந்த முட்டையைத்தான் அவர்கள் பார்க்கவில்லை. புழுக்களை அடைப்பது குடம் போன்ற சிறு கூடு கட்டும் மற்றொரு மண்குளவி. சிலந்தியை அடைக்கும் குளவிகளில் ஒன்றுக்கு 1781-இல் ஃபாப்ரீசியஸ் என்ற டென்மார்க்கு அறிஞர் இட்ட இலத்தீன் பெயரில் சென்னையின் பழைய பெயரான ‘மதராஸ்பட்டணம்’ இருக்கிறது. அதாவது, நூற்றாண்டுகளாக நம் சுவர்களிலேயே குடியிருப்பது அது.

மண்குளவி தன் கூட்டைக் காப்பதற்காக யாரையும் துரத்துவதில்லை. கையால் அமுக்கினாலொழியக் கொட்டுவது அரிது. ஆகவே பொறுக்க முடிந்தால் பொறுங்கள். கூட்டில் வட்டமான துளைகள் தெரிந்தால் குஞ்சுகள் வெளியேறிவிட்டன என்று பொருள். அதன் பிறகு எடுத்தால் யாருக்கும் இழப்பில்லை. தேக்கு நிலையாக இருந்தால் தண்ணீரை மெல்லத் தெளித்து மண்ணை ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் வழித்து, மென்மையான தூரிகையால் துடையுங்கள். உலர்ந்த மண்ணை இரும்புக் கரண்டியால் சுரண்டினால் நிலையில் செதுக்கிய கஜலட்சுமியின் மூக்கும் சேர்ந்து போய்விடும்.

வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று ஆச்சி சொல்வார்கள். அந்த மண்ணை மருந்தாகவும் போடலாமா?

முதல் நம்பிக்கையால் எத்தனையோ கூடுகள் பிழைத்திருக்கின்றன. அதை மறுத்துப் பேச எனக்கு மனம் இல்லை. ஆனால் கூட்டு மண்ணைக் குழைத்துப் புண்ணிலோ குழந்தையின் தொப்புளிலோ போடவே கூடாது. தரை மண்ணில் இருக்கும் இசிவுநோய் (டெட்டனஸ்) கிருமி அதிலும் இருக்கக்கூடும்.

குளவி இல்லாமல் போனால் தோட்டத்துக்கு அப்படி என்ன நட்டம் வந்துவிடும்?

தாள்கூட்டுக் குளவியும் கதண்டும் கூட்டில் வளரும் தம் புழுக்களுக்கு ஊட்டுவது மற்ற பூச்சிகளின் இறைச்சியை. கத்தரி, வெண்டை, எலுமிச்சை இலைகளில் இருக்கும் புழுக்களைக் கடித்துக் குதறி, உருண்டையாக்கிக் கூட்டுக்குக் கொண்டுபோகும். குப்பைக் குழியில் தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு வளர்ந்தால், அதைத் தேடி மண்ணுக்குள் இறங்கி அதன்மேல் முட்டையிடும் குளவி இனம் ஒன்றும் உண்டு. பச்சை நிறத்தில் மரகதம்போல் மின்னும் இன்னொன்று கரப்பானை மட்டுமே வேட்டையாடும். இவையெல்லாம் கூலி கேட்காத ஆட்கள்.

கண்ணுக்குத் தெரியாத குளவிகளின் பணி இதைவிடப் பெரியது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று ஏறாத செடி இல்லை என்னும் அளவுக்குப் பரவியது நினைவிருக்கும். வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல இருந்த அந்த மரங்களுக்கு மருந்து அடித்து அடித்து ஓய்ந்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சி அசையவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட, அந்தப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும், எள்ளைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை வெளியிட்ட பிறகுதான் அது அடங்கியது. 2020-இல் கேரளத்தில் தென்பட்டுத் தமிழகத்திலும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த ஒரு குளவியே 2022-இல் விடையாக அமைந்தது. கரும்பிலும் நெல்லிலும் வேளாண் துறையினர் கட்டச்சொல்லும் முட்டை ஒட்டுண்ணி அட்டையில் இருப்பதும் குளவிதான். பெயரில் குளவி என்று இல்லாததால் நாம் அதை நல்ல பூச்சி என்கிறோம்.

ஊருணிக் கரையில் நிற்கும் ஆலும் அரசும் அத்தியும் தம் விதைக்கு முழுமையாக நம்பியிருப்பதும் ஒவ்வொரு மரத்துக்கும் உரிய ஒரு சிறு குளவியைத்தான். அத்திக் காய் என்பது உண்மையில் உள்நோக்கி மலர்ந்த பூங்கொத்து. அதன் நுனியில் உள்ள மிக இறுக்கமான துளை வழியாகத் தாய்க் குளவி உடலை நெருக்கி உள்ளே போகும்போது, இறக்கைகள் வாயிலிலேயே பிய்ந்து விழுந்துவிடும். திரும்பி வரும் எண்ணம் அதற்கு இல்லை. ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்று முகம் சுளிக்கிறோமே, மரத்தின் அடுத்த தலைமுறைக்குக் காரணமே அந்த உயிர்கள்தான். அந்தத் தாய்க் குளவியின் வாழ்வு ஓரிரு நாள். அந்த ஓரிரு நாளில் ஆலமரத்துக் கதண்டுக் கூட்டை நோக்கி மருந்துப் புகை அடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலம்பழம் குறைந்தால் மைனாவும் குயிலும் பழந்தின்னி வௌவாலும் பசியோடு வேறிடம் தேடும்.

மருந்து அடித்தால் சில நாளில் காற்றோடு போய்விடும் என்கிறார்களே?

கடைகளில் கிடைக்கும் தெளிப்புகளில் பெரும்பாலும் இருப்பவை சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள். வெயில் படும் இலையில் அவை விரைவில் சிதைவது உண்மை. ஓட்டுக்கு அடியிலும் உத்தரத்திலும் வெயில் படாது. அங்கே நெடுநாள் தங்கும்.

நம் வீடுகளின் அமைப்பையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். ஓட்டுக் கூரை நான்கு பக்கமும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த நீர் முற்றத்து அண்டாவிலோ கிணற்றிலோ இறங்கும். மிஞ்சியது தெரு வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும். வானம் பார்த்த பூமியில் ஒரு துளியும் வீணாகக் கூடாது என்று கட்டியவர்கள் வகுத்த வழி அது. கூரையில் தெளித்த மருந்தின் மிச்சமும் அதே வழியாகத்தான் பயணம் செய்யும். பைரித்ராய்டுகள் மனிதருக்குச் செய்யும் தீங்கைவிட மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் செய்யும் தீங்கு பல மடங்கு பெரிது. மிகச் சிறிய அளவே மீனைக் கொல்லப் போதும். மீனும் தட்டான் குஞ்சும் இல்லாத ஊருணியில் கொசுப் புழு பெருகும். குளவிக்குப் பயந்து அடித்த மருந்து கொசுவுக்கு வழிவிடும் நிலை இது.

மருந்தில் நனைந்த கூட்டைக் குப்பையில் எறிவதிலும் ஆபத்து உண்டு. தேன்பருந்து குளவிக் கூட்டின் புழுக்களை விரும்பித் தின்னும் பறவை. மின்கம்பியில் உட்கார்ந்து குளவியைப் பிடித்து, கொடுக்கு உதிரும்வரை கம்பியிலேயே அடித்து விழுங்கும் பஞ்சுருட்டானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மயங்கி விழும் குளவிகள் அவற்றுக்கு எளிய இரை.

கரையானுக்கு வாங்கிவைத்த குளோர்பைரிபாஸை எடுத்து மரத்தில் ஊற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி ஒரு மருந்து எந்தப் பயனுக்குப் பதிவு செய்யப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். குளவி என்ற சொல்லோ, கூட்டுக்கான அளவோ அதில் இல்லையென்றால் அது உங்களுக்கான மருந்து அல்ல.

அப்படியானால் பந்தம் கட்டிக் கொளுத்திவிடலாமா? அதில் நஞ்சு இல்லையே.

பனையில் இருந்த ஒரு கதண்டுக் கூட்டை, மூங்கில் நுனியில் சாக்கைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியதை நான் அருகில் நின்று பார்த்தேன். கூட்டைத் தொட்ட நெருப்பு அடுத்த நொடியே காய்ந்த ஓலைகளுக்குத் தாவியது. காவோலைகளின் அடியில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் பனை உழவாரன் குருவிகள் இருட்டில் கத்திக்கொண்டு சுற்றின. மறுநாள் காலை மரத்தடியில் கருகிய ஓலைகளுக்கு நடுவே, கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு குஞ்சை எடுத்தேன். பனைக்கு உச்சியில் உள்ள ஒரே ஒரு குருத்துதான் உயிர். அது வெந்துவிட்டால் மரம் மீண்டும் துளிர்க்காது. அந்தப் பனையும் துளிர்க்கவில்லை. இந்த மாநிலத்தின் மரம் அது. அதை வெட்டுவதற்கே மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது.

கோடையில் பந்தத்திலிருந்து விழும் பொறி கருவேலங்காட்டையும் பற்றவைக்கும். பறவைக்காகத் தம் வழக்கத்தை விட்டுக்கொடுப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதே மண்ணில் வாழும் நமக்கு, ஒரு பனையைக் கொளுத்துமுன் அண்ணாந்து பார்ப்பது கடினமாக இருக்காது.

கதண்டையும் விட்டுவைக்க வேண்டும் என்கிறீர்களா?

எல்லா இடத்திலும் இல்லை. இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பள்ளிக்கூடம், கோயில் வாசல், வீட்டுத் தோட்டம், நடைபாதை, ஆடு மாடு கட்டும் இடம், தேங்காய் பறிக்கவோ நுங்கு வெட்டவோ ஆள் ஏற வேண்டிய மரம் ஆகியவற்றில் கதண்டு கூடு கட்டினால் அதை அகற்றத்தான் வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போன பெண்களும், மாடு மேய்க்கப் போன முதியவர்களும் கதண்டு கொட்டி இறந்த செய்திகளை நம் பக்கத்து நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். அந்த உயிர்களைவிடச் சூழலியல் பெரிது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் போகாத காட்டுப் பனையிலும், கண்மாய்க்கு அக்கரையிலும் இருக்கும் கூட்டைத் தேடிப்போய் அழிப்பதில் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. ஊராருக்குச் சொல்லி, அந்தப் பக்கம் போகாமல் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்தால் போதும். கதண்டு இனங்களில் ஒன்று தாள்கூட்டுக் குளவிகளின் புழுக்களைக் கொள்ளையடித்தே வாழ்வது. ஆகவே குளவிகள் அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்வதிலும் அதற்குப் பங்கு உண்டு.

அகற்றும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு 101 என்ற எண்ணில் தகவல் சொல்லுங்கள். வரும்போது இடத்தைத் தொலைவிலிருந்து காட்டுங்கள். மரத்தில் பறவைக் கூடு இருந்தால் அதையும், பக்கத்தில் ஊருணியோ கிணறோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். குளவிகள் எல்லாம் கூட்டுக்குத் திரும்பி அடங்கிய இரவு நேரமே இதற்கு ஏற்றது. வெள்ளை ஒளி அவற்றை இழுக்கும். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சு ஒளி அவற்றின் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். பகலில் கல்லெறிவதும், கூட்டருகே ஒரு குளவியை நசுக்குவதும் தற்கொலைக்குச் சமம். நசுங்கிய உடலிலிருந்து கிளம்பும் வாசனையே மற்றவற்றுக்கு அபாய அழைப்பு.

கொட்டிவிட்டால் என்ன செய்வது?

ஓடி, கதவுள்ள அறைக்குள் போய்விடுங்கள். ஒன்றிரண்டு கொட்டு என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்தால் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தோலைப் பொசுக்கும். முகம், நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, உடம்பெல்லாம் தடித்துத் தலைசுற்றினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். அந்நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி, மந்திரிப்பது அல்ல. கதண்டு பல இடங்களில் கொட்டியவர், வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. விஷம் தசையைச் சிதைத்து, ஓரிரு நாள் கழித்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சிறுநீர் குறைந்தாலோ கடுங்காப்பி நிறமானாலோ அது பெரிய எச்சரிக்கை.

வெல்லத் தண்ணீர் ஊற்றிய பாட்டில் பொறி வைத்தால் மருந்து இல்லாமலே பிடிக்கலாமே?

பிடிபடுவது குளவி மட்டுமல்ல. தேனீ, வண்ணத்துப்பூச்சி, ஈ என்று இனிப்புக்கு வரும் அனைத்தும் அதில் மூழ்கும். கூட்டிலிருந்து இரைதேடப் போன சில குளவிகள் சாவதால் கூடு அழிவதும் இல்லை. பயன் குறைவு, சேதம் அதிகம், நான் பரிந்துரைப்பதில்லை.

வேப்பெண்ணெய், கற்பூரம், புகை?

குளவி இடம் தேடும் தொடக்கத்தில், உத்தரத்தில் வேப்பெண்ணெய் தடவுவது சில வாரங்களுக்கு உதவக்கூடும். கட்டி முடித்த கூட்டுக்குப் புகை போடுவது அவற்றைச் சினமூட்டும். மண்ணெண்ணெயைத் தேக்கு உத்தரத்தில் பூசுவது குளவியைவிட வீட்டுக்குப் பகை.

தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறோம். கதண்டு வந்து தேனீயைத் தூக்கிப் போகிறது.

பெட்டியின் வாயிலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள். காலையிலும் மாலையிலும் வாயிலில் வட்டமிடும் கதண்டைக் கொசு மட்டையால் அடித்து அப்புறப்படுத்துங்கள். அது கூட்டைக் காக்க வந்ததல்ல, வேட்டைக்கு வந்தது என்பதால் ஆபத்து குறைவு. நம் நாட்டு அடுக்குத் தேனீக்குத் தற்காப்பும் தெரியும். பல தேனீக்கள் கதண்டை உருண்டையாகச் சூழ்ந்து, உடலை அதிரவைத்து, உள்ளே வெப்பத்தை 45 பாகை செல்சியசுக்கு மேல் ஏற்றி அதை அவித்தே கொன்றுவிடும்.

வெளிநாடுகளில் அரசாங்கமே குளவியை ஒழிக்கச் சொல்கிறதே?

சரிதான், ஆனால் காரணம் வேறு. பிரான்சில் 2004-இல் தென்பட்ட ஆசியக் கதண்டு, சரக்கோடு கப்பலில் போய் இறங்கியது. அங்குள்ள தேனீக்கு அதை எதிர்க்கத் தெரியாது. நியூசிலாந்தின் பீச்சு மரக் காடுகளில் பறவைகளுக்கு உணவாகும் இனிப்புக் கசிவை முழுவதும் உறிஞ்சிவிடும் குளவிகள் ஐரோப்பாவிலிருந்து போனவை. அங்கே குளவி விருந்தாளியாகப் போய் வீட்டைப் பிடித்துக்கொண்டது. இங்கே எடுப்பதா விடுவதா என்று நாம் பேசும் கூடுகளைக் கட்டும் குளவிகள் எல்லாம் இந்த மண்ணுக்கே உரியவை. அவற்றை உண்ணும் பறவையும் அவற்றை அடக்கும் பகையும் கூடவே இருக்கின்றன. ஒரு நாட்டின் பரிந்துரையைக் கைப்பேசியில் பார்த்து அப்படியே பள்ளத்தூரில் நடைமுறைப்படுத்துவது தவறு.

கூடு கட்டாமலே தடுக்க வழி உண்டா?

உண்டு, இதுவே செலவும் சேதமும் குறைந்த வழி. பூட்டிய வீட்டை மாதம் ஒருமுறையாவது திறந்து, ஒட்டடை அடித்து, காற்றோட விடச் சொல்லுங்கள். உடைந்த ஓட்டை மாற்றி, சன்னலுக்கும் காற்றுத் துளைக்கும் நெருக்கமான கம்பி வலை போடுங்கள். தாள்கூட்டுக் குளவியின் கூடு ஒரு தாயால் நாலைந்து கண்ணறையோடு தொடங்குகிறது. அந்த நிலையில், அந்தி சாய்ந்த பின், நீண்ட கழியால் தட்டிவிட்டால் அது வேறிடம் போய்விடும். பழுத்து விழும் சப்போட்டாவையும் கொய்யாவையும் அன்றன்றே பொறுக்கினால் குளவிகள் ஆட்களுக்கு அருகே கூடுவது குறையும். தோட்டத்தின் கடைசி மூலையில் ஒரு பழைய மண்சுவரையோ, சற்று ஈரமான மண் திட்டையோ விட்டுவைத்தால் மண்குளவி அங்கேயே வேலை பார்த்துக்கொள்ளும்.

கூட்டை எடுத்த பிறகும் சில குளவிகள் அதே இடத்தைச் சுற்றுகின்றன. மறுபடி மருந்து அடிக்கட்டுமா?

வேண்டாம். இரைதேடி வெளியே போயிருந்தவை திரும்பிவந்து வீட்டைக் காணாமல் தேடுகின்றன. கூட்டின் காம்பு ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, நாலைந்து நாள் அந்தப் பக்கம் போகாமல், குழந்தைகளையும் விடாமல் இருங்கள். பிறகு அவை வருவதில்லை.